புட்போர்டில் சிவப்புக் கறை

வெற்றிலை போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கே துப்பலாம் என்று அவர்கள் கண் தேடும். அதனால் மாதனூரில் காரை நிறுத்தி இறங்கியபோது, இடது பக்கத்து புட்போர்டு முழுக்கச் சிவப்புக் கறையைப் பார்த்ததும் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பின்சீட்டில் திரைக்குள் இருந்தவர் தோல் மண்டி முதலாளியின் சம்சாரம் அக்தரி பேகம். மடியில் பித்தளைப் பான் பெட்டி. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, தங்கை பில்கிஸின் நிக்காவுக்குப் போகிறார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் நிக்கா. கல்யாணப் பெண் உடுத்த வேண்டிய ஜரிகைச் சேலை இவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. அது நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கே பெண் வெளியே வரமாட்டாள். முன்சீட்டில் என் பக்கத்தில் பேகத்தின் தம்பி நயீம் அகமது, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"துப்பறதுன்னா சொல்லுங்கம்மா, நிறுத்தறேன். வெள்ளை வண்டி இது" என்றேன்.

திரை விலகி, வளையல் போட்ட கை ஒன்று பான் பெட்டியை முன்னால் நீட்டியது.

"இந்தா டிரைவரே, உன் பக்கத்துலயே வெச்சிக்க. வேலூர் வர்ற வரைக்கும் தொடமாட்டேன். அப்புறம் கறை வருதா பாக்கலாம்."

கறையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். பள்ளிகொண்டா எட்டுவதற்குள் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி கிளம்பிற்று. இறங்கிப் பார்த்தால் புட்போர்டில் மறுபடியும் சிவப்பு. பான் பெட்டியோ மூடியது மூடியபடி என் சீட்டில் இருக்கிறது. நான் லேசில் விடுகிறவன் இல்லை. கறையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பாக்கின் துவர்ப்பு இல்லை. துரு.

"இன்னா டிரைவரே, சுண்ணாம்பு ஜாஸ்தியா?" என்றது திரை.

பானெட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. வண்டிகள் இப்படித்தான் ஏமாற்றும். சூடு ஆறும்வரை காத்திருந்தேன். பாலாற்று மணலில் ஊற்றுத் தண்ணீர் மொண்டுவந்து, துண்டில் வடிகட்டி ஊற்றினேன். நயீம் அகமதை உலுக்கி எழுப்பி, கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றச் சொன்னேன். ஓடின பிறகுதான் திருடன் அகப்பட்டான். ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. அதில் பீறிட்ட தண்ணீரை விசிறி வாரி, பானெட்டின் பக்கத் துளைகள் வழியாக புட்போர்டில் அடித்துக்கொண்டிருந்தது. பழைய எஞ்சின், உள்ளெல்லாம் துரு. அச்சு அசல் வெற்றிலைச் சாறு.

மாற்றுக் குழாய் கிடையாது. ஈரத் துணியும் ஒரு தோல் வாரும் கிடைத்தால் பார்க்கலாம் என்றேன். பேகம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வெற்றிலையைச் சுற்றிவைத்த துணியைப் பான் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிரங்குப் பெட்டியைக் கட்டியிருந்த வாரைத் தானே அவிழ்த்துக் கொடுத்தார். வெடிப்பின் மேல் துணியை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் ஊறவைத்த வாரைச் சுற்றி, கம்பியால் முறுக்கினேன். ஈரத்தோல் சூட்டில் சுருங்கிக் கவ்வும். ஆம்பூர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

கிளம்பலாம் என்று ஏறினால், பேகம் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"துணியை நீ எடுத்துக்கின. இந்த வெயில்ல வெத்தலை வாடிடும். எல்லாரும் தின்னு தீக்கணும். உனக்கும் ஒண்ணு."

எனக்குப் பழக்கமில்லை என்றேன். நீ போடாமல் வண்டி நகராது என்றார். முதலாளி சம்சாரம், அதுவும் நான் பழி போட்ட சம்சாரம். வாங்கிப் போட்டுக்கொண்டேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் இன்னொன்று கேட்டேன்.

அஸர் பாங்கு சொல்வதற்கு முன்பே கல்யாண வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெண்கள் ஓடிவந்து சேலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் புட்போர்டைப் பார்த்தார். அவசரத்தில் நான் அதைத் துடைக்கவில்லை. பிறகு என் வாயைப் பார்த்தார்.

"டிரைவரே இப்படித் துப்பிக்கினு வந்தா, வண்டி இன்னாத்துக்கு ஆவும்?"

இல்லை பாய், அது துரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாறு வழிந்து சட்டையில் இறங்கியது. திரைக்குள் பேகம் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

வெற்றிலை போடுகிறவர்களை இன்றைக்கும் நான் நம்புவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.