கரண்டி பிடித்த கை

கணேசமூர்த்தி பைக்கை நிறுத்திவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். ஹெல்மெட் இன்னும் கையில் இருந்தது.

"யசோ, அத எடுத்துடு."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. எங்க சீஃப் போட்டோக்குக் கீழ நீ எழுதினத. காலையிலேந்து கேபினுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்கறார். 'உங்க வீட்டுக்காரம்மாவா, உங்க வீட்டுக்காரம்மாவா'ன்னு. பக்கத்துல இருக்கறவன்லாம் எட்டிப் பாக்கறான்."

யசோதா கத்திரிக்காயை நான்காகக் கீறி மசாலாவை அடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவர் போட்டோன்னு எனக்குத் தெரியாது. என் முறைக்கு வந்தது, எழுதினேன். தெரிஞ்சிருந்தாலும் அதேதான் எழுதியிருப்பேன்."

"இதான், இந்தக் கடைசி வரிதான் எனக்கு பயமா இருக்கு" என்றான் அவன்.

'படப்பேச்சு' என்பது பெங்களூர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இணையக் குழு. அங்கே சம்பளம் வாங்குகிறவர் யாருமில்லை. ஒரு படம் போட வேண்டுமானால், இன்னொருவர் படத்தைப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். யார் எடுத்தது என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரியும். 'சூப்பர்', அதையே கன்னடத்தில் சொல்லும் 'சக்கத்', கட்டை விரல் எதற்கும் அங்கே இடமில்லை. பொம்மனஹள்ளிப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சரான யசோதா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைப் படம் பிடித்துக்கொண்டு அதில் சேர்ந்தவள். இப்போது அவள் எழுதுவதைப் படிக்கவே சிலர் குழுவுக்குள் வந்து போகிறார்கள்.

இந்த முறை அவளுக்கு வந்தது ஒரு சமையலறைப் படம். ஜன்னல் வெளிச்சம், பெரிய பாத்திரத்திலிருந்து எழும் ஆவி, நடுவே நைட்டி போட்ட ஒரு பெண்மணி. கையில் கரண்டி. தலைப்பு 'அன்னபூரணி'.

யசோதா இப்படி எழுதியிருந்தாள்:

'வெளிச்சமும் ஆவியும் அழகாக விழுந்திருக்கின்றன. ஆனால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். இந்தக் கரண்டி சமைப்பதற்காக உயரவில்லை, வேண்டாம் என்று சொல்ல உயர்ந்திருக்கிறது. எடுத்தவர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் எடுத்திருக்கிறார். அன்னபூரணி என்பது எடுத்தவரின் ஆசை. படத்தில் அது இல்லை.'

அனுப்பிய பிறகு பெயர் தெரிந்தது. வெங்கடகிருஷ்ணன். பொம்மசந்திராவில் கணேசமூர்த்தி வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மேனேஜர். படத்தில் இருப்பது அவர் மனைவி.

வேறு சமயமாக இருந்தால் இதோடு போயிருக்கும். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனில் ஒரு ஹாலில் குழுவின் கண்காட்சி. அங்கே தேர்வான ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதற்கு வந்த கருத்தையும் அச்சடித்து மாட்டுவது வழக்கம். 'அன்னபூரணி' தேர்வாகிவிட்டது. வெங்கடகிருஷ்ணன் கம்பெனி டைரக்டர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். படத்தைப் போட்டவர்தான் படத்தை நீக்க முடியும். கருத்தை எழுதியவர்தான் கருத்தை நீக்க முடியும்.

"அடுத்த வாரம் ஷிஃப்ட் இன்சார்ஜ் யாருன்னு சொல்லப் போறாங்க" என்றான் கணேசமூர்த்தி. "அவர்தான் சொல்லணும். உனக்கே தெரியும்."

"அந்த வேலைய இப்பவே நீங்கதான பாக்கறீங்க? பேரு ஒண்ணுதான் இல்ல. என் அஞ்சாறு வரிக்காக அந்தப் பேர அவர் குடுக்க மாட்டார்னா, அவர் அத எப்பவுமே குடுக்கறதா இல்லன்னு அர்த்தம்."

"பேக்கா இதெல்லாம் நமக்கு, தேவையா? பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

"பொய்யா எழுதியிருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன். பொய்யா?"

அவன் அவளுடைய ஃபோனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். உயர்ந்த கரண்டியைப் பார்த்தான். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கைகழுவப் போனான். அன்று எண்ணெய்க் கத்திரிக்காய் இருவருக்குமே இறங்கவில்லை.

மறுநாள் குழுவை நடத்தும் டொமினிக் கூப்பிட்டார். ஆஸ்டின் டவுனில் அவருக்கு ஃப்ரேம் போடும் கடை.

"சிஸ்டர், அந்தக் கடைசி ரெண்டு வரிய மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்தி..."

"மாட்டேன் அண்ணா."

"தெரியும். குழு நடத்தறவன் கேக்கணும்ல, கேட்டுட்டேன். இனிமே வெங்கடகிருஷ்ணன் சார் ஃபோன் பண்ணா, கேட்டேன், அந்தம்மா முடியாதுன்னுட்டாங்கன்னு தைரியமா சொல்வேன்."

"என் பேரச் சொல்லி நீங்க தைரியமா இருங்க!" என்று சிரித்தாள். ஃபோனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னறையில் கணேசமூர்த்தி டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எத்தனை ஆசை அந்தப் பதவி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கை அந்த வரிகளை அழிக்கப் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வெங்கடகிருஷ்ணனே வந்துவிட்டார். கையில் பாதாம் பூரி டப்பா. பின்னால் அவர் மனைவி ஷோபா. படத்தில் திரும்பியிருந்த முகத்தை யசோதா நேரில் பார்த்தாள். அது கொதித்துக்கொண்டிருந்தது.

ஷோபா உட்காரக்கூட இல்லை. "ஏம்மா, டீச்சராமே நீ? என் மூஞ்சியப் பத்தி எழுதறதுக்கு நீ யாரு?"

"உங்க முகத்தப் பத்தியா?"

"கிழவி மாதிரி இருக்கா, அன்னபூரணிங்கற பேருக்கு லாயக்கில்லன்னு எழுதியிருக்கியாமே. இவர் சொன்னார்."

வெங்கடகிருஷ்ணன் டப்பாவை மேஜைமேல் வைத்தார். "அப்படியே அந்த வார்த்தை இல்ல ஷோபா. அந்த மாதிரி ஒரு அர்த்தத்துல..."

"நீங்க படிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள் யசோதா.

"நான் எங்க படிச்சேன்? மனசு கஷ்டப்படும், வேண்டாம்னார்."

யசோதா ஃபோனை நீட்டினாள். ஷோபா கைப்பைக்குள் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வெங்கடகிருஷ்ணன், "அது எதுக்கு இப்ப" என்று எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஷோபாவின் உதடுகள் அசைந்தன. ஒரு முறை படித்து, படத்தைப் பார்த்து, இன்னொரு முறை படித்தாள்.

"எடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா அன்னிக்கு?" என்று கணவரைக் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. "உங்க அக்கா வீட்டு ஆளுங்க மொத்தமும் வந்திருந்தாங்க. விடியக்காலைலேந்து அடுப்புகிட்ட நின்னுட்டிருந்தேன். வேர்த்துக் கொட்டுது. நைட்டியோட எடுக்காதீங்கன்னு கத்தினேன்."

"நீ கூச்சப்படறன்னு நெனச்சேன்."

"கரண்டிய ஓங்கினேன்!"

"போஸ் குடுக்கறன்னு..."

கணேசமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தான். வெங்கடகிருஷ்ணனுக்குக் கோபம் வர அது போதுமானதாக இருந்தது.

"கணேசமூர்த்தி, இங்க பாருங்க. இது எங்க வீட்டு விஷயம். உங்க மிஸஸ்கிட்ட எடுக்கச் சொல்லுங்க. முடிச்சுக்கலாம். நமக்குள்ள திங்கட்கிழமை பேச வேண்டியது வேற இருக்கு."

யசோதா கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனைக் கெஞ்சுவது போல் ஆகிவிடும் என்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றான் கணேசமூர்த்தி. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "அவ எழுதினதுல தப்பு இருந்தா நீங்க சொல்லுங்க சார். நானும் பெரிசு பண்ணிப் பாத்தேன். எனக்கு ஒரு தப்பும் தெரியல."

யசோதாவுக்குக் கல்யாணமான புதிதில்கூட அவன்மேல் இப்படி ஒரு ஆசை பொங்கியதில்லை.

"நான் ஒரு எழுத்துகூட எடுக்க மாட்டேன் சார்" என்றாள் அவள். "நாளைக்கு மாட்டுவாங்க. வரவங்க படிக்கட்டும்."

"வரவங்க எத?" என்றாள் ஷோபா. கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தாள். "நீ எழுதினது அத்தனையும் சரிம்மா. அதுக்காக இந்த நைட்டிய ஊரே பாக்கணுமா? உன் எழுத்த மாட்டறதுக்கு நான் சுவத்துல தொங்கணுமா?"

யசோதா வாரம் முழுவதும் அந்தக் கைக்காக வாதாடியிருக்கிறாள். கைக்கு உரியவளைக் கேட்கவேண்டும் என்று அவளுக்கும்தான் தோன்றவில்லை.

"மாட்டக் கூடாதுக்கா" என்றாள்.

"படம் போனா நீ எழுதினதும் போயிடுமாமே?"

"போகட்டும். சார் மிரட்டி நான் எடுக்க மாட்டேன். நீங்க வேண்டாங்கறீங்க. அது வேற."

ஷோபா கணவர் பக்கம் கையை நீட்டினாள். "ஃபோன எடுங்க."

"டைரக்டர் எல்லாரும் வராங்க ஷோபா. நான் என்னன்னு சொல்றது?"

"வந்து மத்தவங்க படத்தப் பாக்கட்டும்."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"இங்கயே. இவங்க முன்னாடி." ஷோபா அப்போதுதான் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தாங்கள் கொண்டுவந்த டப்பாவைத் தானே பிரித்து ஒரு பாதாம் பூரியை எடுத்துக் கடித்தாள். "எனக்கு அவசரமில்ல. ராத்திரி சமையலும் பண்ணப் போறதில்ல."

அவர் ஃபோனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் தேடினார், மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தேடினார். யசோதாவின் ஃபோனில் அந்தப் படம் மறைந்தது. கூடவே அவள் இதுவரை எழுதியதிலேயே சிறந்தது என்று நினைத்திருந்த அந்த வரிகளும் மறைந்தன. நெஞ்சில் சின்னதாக ஒரு வலி. நிமிர்ந்தபோது, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிக்கொண்டு ஷோபா சிரித்துக்கொண்டிருந்தாள். வலி போய்விட்டது.

திங்கட்கிழமை கணேசமூர்த்தி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான்.

"மஞ்சுநாத்துக்குக் குடுத்துட்டார்."

யசோதா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடினாள். "மஞ்சுநாத்தா? நீங்க வேலை சொல்லிக் குடுத்த பையனா?"

"நல்ல பையன். அவன்மேல கோபமில்ல." தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். "ஆனா நாளைக்குப் போய்க் கேக்கப் போறேன் யசோ. ஏன் எனக்கு இல்லன்னு. அவர் வாயால காரணம் சொல்லட்டும். டைரக்டர்கிட்டயும் எழுதிக் கேக்கலாம். கேக்கறதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. எப்படிக் கேப்பீங்க? கேளுங்க, பாக்கலாம்."

அவன் நிமிர்ந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க..."

"அத விட்டுடுங்க."

"சார், ஒரு சின்ன விஷயம்..."

"சின்ன விஷயமா இது?"

அவன் அவளை முறைத்தான். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். "சார், இந்த வேலைய இவ்வளவு நாளா நான்தான் பாக்கறேன். எனக்கு ஏன் குடுக்கல?"

"இது நல்லா இருக்கு" என்றாள் யசோதா. "இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை என் கண்ணப் பாத்து."