நான்கு மணி மாத்திரை

2025 மார்ச் 17, திங்கட்கிழமை. துடியலூரை அடுத்த நூற்பாலை ஒன்றில், இரத்தசோகைக்காக அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெண்கள் தேநீரோடு விழுங்க வைக்கப்படுகிறார்கள். தேநீரோ அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. தெரிந்தவர்களும் இதைத் தடுக்கவில்லை. என் குறை இதுவே.

அன்று ஆட்சியர் அலுவலக மனு வரிசையில் மூவர் நின்றோம்: அரசு மருத்துவமனையின் உணவியல் வல்லுநர் அஃப்ஷீன், எங்கள் தெருவைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளி சென்னியம்மாள், மனுவை எழுதிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான். சென்னியம்மாளுக்குக் கருப்பையில் கட்டி, மாதந்தோறும் உதிரப்போக்கு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பத்தைத் தொட்டால்தான் அறுவைக்கு நாள் குறிப்பார்களாம். நான்கு மாதங்கள் ஒருநாளும் தவறாமல் மாத்திரை விழுங்கியும் அது ஏழரையைத் தாண்டவில்லை.

"சனிகூட ஏழரை வருசத்துல எறங்கிப்போயிருமுங்க. இது ஏழரையிலயே உக்காந்துக்கிச்சு" என்று சிரித்தார் அவர். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

மாத்திரையை எத்தனை மணிக்கு, எதனோடு விழுங்குகிறார் என்று, சில வாரங்களுக்கு முன் மருத்துவமனையில், அவரை முதன்முதலில் கேட்டவர் அஃப்ஷீன்தான்.

"நாலு மணிக்கு, டீயோடங்க. சூப்பர்வைசரம்மா முன்னால முழுங்கிப்போட்டு வாயத் தொறந்து காட்டோணும். பல்லாஸ்பத்திரியிலகூட நான் இத்தன தடவ வாயத் தொறந்ததில்லீங்க."

"டீய ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாங்களே, அக்கா?"

"பத்து நிமிசந்தான் உடுவாங்க, அம்மணி. அந்த டீத்தண்ணி இல்லீன்னா மெசினுகிட்ட நிக்க முடியாதுங்க."

எல்லாரும் ஒரே இடத்தில் கூடும் நேரம் என்பதால் தேநீர் இடைவேளையைத் தேர்ந்தெடுத்தது மாவட்ட ஆணை. அதில் ஒரு வரியை மாற்றி, மதிய உணவுக்குப் பின் மாத்திரை தரவேண்டும் என்று அஃப்ஷீன் மூன்று கடிதங்கள் அனுப்பியிருந்தார். பதில் வராததால்தான் இந்த மனு.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாத்திரை குடுக்கறது எங்கயும் நிக்கலையே, மேடம்?"

"நிக்கலைங்க சார். ஒடம்புல சேரலைங்க."

"ரெஜிஸ்டர்ல அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

மே மாதம் பதில் வந்தது. 'தங்கள் மனுவிலேயே குறிப்பிட்டுள்ளவாறு, மாத்திரை ஒருநாளும் தவறாது வழங்கப்படுகிறது. இம்முறை முன்மாதிரியாக ஏற்கப்பட்டு மேலும் ஆறு ஆலைகளில் நடைமுறைப்படுத்தப்படுகிறது. மனு முடிக்கப்பட்டது.'

'ஒருநாளும் தவறாது' என்ற அந்த வரியை மனுவில் எழுதியவன் நான். குறை கூறுமுன் நிறை கூறுவது என் வழக்கம். ஆலை நிருவாகத்தை ஒரு சொற்றொடரால் பாராட்டிய பின்னரே முறையீட்டைத் தொடங்கியிருந்தேன். அவர்கள் அந்தச் சொற்றொடரோடு நின்றுகொண்டார்கள்.

அஃப்ஷீன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இன்னும் ஆறு ஆலைங்களா சார்" என்று மட்டும் கேட்டுவிட்டு, புதிய தாள் ஒன்றை எடுத்துத் தேதியிட்டார்.

"வுடுங்க வாத்தியாரே, நீங்க நல்லதுக்குத்தான எழுதுனீங்க" என்று சென்னியம்மாள் எனக்கு ஆறுதல் கூறினார். அவருடைய கையிலிருந்த புதிய பரிசோதனைச் சீட்டில் ஏழு என்று இருந்தது. எங்கள் வீட்டு வாசலின் மூன்று படிகளை இறங்க அவர் இரண்டு முறை நின்றார்.

இதை நீங்கள் படிக்கும் நாளிலும் நான்கு மணிக்கு அவர் வாயைத் திறந்து காட்டுவார். பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்பும். உங்கள் ஊர் ஆலைக்குச் செல்லுங்கள். அந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எதனோடு தருகிறார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாராட்டி ஒரு சொல்லும் எழுதிவிடாதீர்கள்.