தலையாட்டி வாங்கிய வீடு

நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. ஆர்மெல் தன் இன்னொரு வீட்டை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு அறை, ஒரு பால்கனி, கீழே கார் நிறுத்த இடம். அவளும் கணவன் பத்ரீஸும் குடியிருப்பது லெ மான் நகரத்தில். இந்த வீடோ தெற்கே, ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டிப் போகவேண்டிய காஸ்தெல்ராக் என்ற சிற்றூரில். வாடகைக்கு விட வீடு வாங்கினால் வருமான வரியில் சலுகை கிடைக்கும் என்பதற்காக வாங்கியது. அப்படி வாங்குகிறவர்கள் யாரும் வீட்டைப் போய்ப் பார்ப்பதில்லை.

வாடகை வசூலித்துத் தரும் பஸ்கூ என்பவர் சாவியோடு காத்திருந்தார். கதவு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தார்.

"ஆறு வருஷம் கழிச்சாவது வந்தீங்களே, மதாம். மூணாவது மாடி வீட்டுக்காரர் ஸ்த்ராஸ்பூர்ல இருக்கார். பால்கனியில நின்னா கடல் தெரியும்னு இன்னமும் நம்பிட்டிருக்கார்."

"கடல் எங்க இருக்கு?" என்றான் பத்ரீஸ்.

"மூணு மணி நேரம் வண்டி ஓட்டினா வரும்."

ஆர்மெல் ஜன்னலைத் திறந்தாள். எதிரே இதே நிறத்தில், இதே உயரத்தில் நான்கு கட்டடங்கள். பாதிக்கு மேல் ஜன்னல்கள் மூடிக் கிடந்தன.

"யார் குடியிருக்கா அங்க?"

"உங்களை மாதிரிதான். டீச்சர், நர்ஸ், போலீஸ்காரர். குடியிருக்கல, வாங்கியிருக்காங்க. இந்த ஊர்ல ஆளைவிட வீடு ஜாஸ்தி, மதாம்."

இங்கே குடியிருந்த பெண் ஜனவரியில் காலி செய்து போனாள். அதன்பின் ஒருவரும் வரவில்லை.

"டிசம்பர் முடியறதுக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா?" என்றாள் ஆர்மெல்.

"வரித்துறை இதுவரைக்கும் விட்டுக்கொடுத்ததை எல்லாம் திருப்பிக் கேக்கும். ஒரு வருஷத்துக்கு மேல காலியாக் கிடக்கக் கூடாதுங்கறது சட்டம். படிச்சிருப்பீங்களே."

"வித்துட்டா?"

"வாங்கின விலையில பாதி தேறும். அதுவும் உங்களை மாதிரி தூரத்து ஊர்க்காரங்க யாராவது மாட்டினா."

அவர் சிரித்தார். கேலியாகச் சிரித்ததாகத் தெரியவில்லை. பழகிப்போன சிரிப்பு.

ஆர்மெல் பள்ளியில் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுப்பவள். புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேளுங்கள் என்று இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள். இந்த வீட்டின் பத்திரம் அவள் தாய்மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் ஆலோசகர் என்று ஒருவன் வீட்டுக்கு வந்தான். 'அரசாங்கத்துக்குக் கட்டற வரியில உங்களுக்கே ஒரு வீடு வாங்குங்க' என்றான். பத்ரீஸுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. வரி கட்டாதவனைத் திறமைசாலி என்று நினைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் அவன். பிறகு, பத்திரத்தை எழுதிப் பதிவு செய்யும் நோட்டரியின் அலுவலகம். வழக்கப்படி அவர் பத்திரம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடிவில் அசல் தீர்க்கும் கடன் என்றார். இரண்டாம் சொத்தின் மீது அடமானம் என்றார். சலுகையை மீளப்பெறும் நிபந்தனைகள் என்றார். பக்கத்துக்குப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிரும்போதெல்லாம் ஆர்மெல் தலையாட்டினாள். பத்ரீஸும் ஆட்டினான். அவள் டீச்சர், அவளுக்குப் புரிந்திருக்கும் என்று அவன் நினைத்தான். அவன் கணக்குத் தெரிந்தவன், அவனுக்குப் புரிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். நோட்டரியின் முன் அசடாகத் தெரியக் கூடாது என்று இருவருமே நினைத்தார்கள்.

மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சட்டம் சில நாள் அவகாசம் தந்திருந்தது. அந்த நாட்களை அவர்கள் வீடு வாங்கும் செய்தியை நண்பர்களைக் கூப்பிட்டுச் சொல்வதில் கழித்திருந்தார்கள்.

இப்போது அந்தச் சொற்களின் பொருள் அவளுக்குத் தெரியும். முடிவில் அசல் தீர்க்கும் கடன் என்றால், மாதாமாதம் கட்டுவது வட்டி மட்டுமே. அசலில் ஒரு சென்ட்கூடக் குறையாது. கடைசியில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் சொத்து என்பது லெ மானில் அவர்கள் குடியிருக்கும் வீடு. இதை விற்று அசலை அடைக்க முடியாவிட்டால் அது போகும்.

திரும்பும் வழியில் பொவாத்தியே நகரம் தாண்டும்வரை பத்ரீஸ் ரேடியோ கேட்டுக்கொண்டே ஓட்டினான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்:

"கொராலி பணத்தை எதுலயாவது போடணும்னு சொல்லிட்டிருந்தா."

கொராலி அவன் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நர்ஸ். அவன் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தான். வசந்தத்தில் அவள் அப்பா இறந்து, அவருடைய தச்சுப் பட்டறையை விற்ற பணம் வங்கியில் கிடந்தது.

"அவ நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடற பொண்ணு," என்றாள் ஆர்மெல்.

"நமக்கு வித்தவனும் நம்ம வீட்டுக் காபியைத்தான் குடிச்சான்."

ஆர்மெல் ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள்.

அடுத்த ஞாயிறு மதியம் கொராலி ஒரு பாட்டில் வைனோடு வந்தாள். பத்ரீஸ் வறுத்த கோழியைத் துண்டு போட்டு, அவள் தட்டில் தொடைத் துண்டை வைத்தான்.

"என்ன பத்ரீஸ், இவ்வளவு கவனிப்பு? யாராவது செத்துட்டாங்களா?"

"உனக்கு ஒரு நல்லது செய்யலாம்னு பாத்தா கிண்டல் பண்றியே."

"நல்லது செய்யறேன்னு ஆம்பளைங்க சொன்னாலே நான் பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். சொல்லுங்க, சொல்லுங்க."

அவன் சொன்னான். தெற்குப் பக்கம் ஒரு வீடு. நல்ல வெயில். தங்களுக்கு இனி ஓடியாட வயதில்லை. அதனால் வாங்கின விலைக்கே தருகிறார்களாம். மேசை நாற்காலி போட்டு வாடகைக்கு விட்டால் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளலாம், வாடகைக்கு வரியே வராது.

"தேய்மானம்," என்றாள் கொராலி. தலையாட்டினாள்.

"வங்கிக் கடனும் கொஞ்சம் எடுத்துக்கோ. முடிவுல அசல் தீர்க்கற கடன். மாசம் கட்டறது ரொம்பக் குறைச்சல்."

கொராலி மறுபடியும் தலையாட்டினாள். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, உதட்டை அழுத்தி, எல்லாம் தெரிந்தவள்போல.

ஆர்மெல் கையில் இருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். நோட்டரியின் முன்னால் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"கொராலி, தேய்மானம்னா என்ன?"

"ம்?"

"பத்ரீஸ் சொன்னானே, அது. என்னன்னு சொல்லு பாப்போம்."

கொராலி சிரித்தாள். "என்ன, கிளாஸ் எடுக்கறீங்களா? ஏதோ... வரி குறையறது. அதானே?"

"ஆர்மெல், சாலட் எடுத்துட்டு வா," என்றான் பத்ரீஸ்.

"மாசம் கட்டறது ஏன் குறைச்சல்னு கேட்டியா?"

"ஆர்மெல்."

"ஏன்னா அது வட்டி மட்டும். அசல் அப்படியே நிக்கும். கடைசில ஒரே தவணையா மொத்தத்தையும் கேப்பாங்க. வீடு பழசாகறதுக்குன்னு வருஷா வருஷம் ஒரு தொகையை வாடகையிலேர்ந்து கழிப்பாங்க, அதான் தேய்மானம். அதனால வாடகைக்கு வரி வராதுன்னு சொன்னான்ல? வாடகையே வராது. அந்த ஊர்ல ஆளே இல்ல. போன வாரம்தான் நானே முதல் தடவையா போய்ப் பார்த்தேன். எதிர்ல நாலு கட்டடம், எல்லாம் காலி. பாதி விலைக்குக்கூடப் போகாது."

கொராலி முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். பத்ரீஸைப் பார்த்தாள். அவன் கோழி எலும்பிலிருந்து இல்லாத சதையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு இது தெரியுமா, பத்ரீஸ்?"

அவன் எலும்பைத் திருப்பிப் போட்டான்.

"அப்பா இருபது வருஷம் மரத்தூளைச் சுவாசிச்சு நுரையீரல் போய்ச் செத்தார். அது உங்களுக்குத் தெரியும். அவர் ரிப்போர்ட்டை நீங்கதான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தீங்க."

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். ஆர்மெல் வாசல்வரை போனாள்.

"நீங்க சொல்லலேன்னா நான் வாங்கியிருப்பேன்," என்றாள் கொராலி. "வெக்கமா இருக்கு. ஒண்ணுமே புரியல. கேட்டா முட்டாள்னு நினைப்பீங்கன்னு..."

"நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். கேளு கொராலி, புரியலேன்னா தலையாட்டாத. எதிர்ல நோட்டரி இருந்தாலும் சரி, சிநேகிதன் இருந்தாலும் சரி. புரியலேன்னு வாயைத் திறந்து சொல்லு. முட்டாள்னு ஒரு நிமிஷம் நினைப்பாங்க, நினைச்சிட்டுப் போகட்டும். ஒருத்தன் தலையாட்டினப்பவே கையெழுத்துப் போட்டாச்சு. பேனாவ அப்புறமா கொடுக்கறாங்க, அவ்வளவுதான். நாம புரியாம மாட்டினத, தெரிஞ்சே இன்னொருத்தர் தலையில கட்டினா, நமக்கு வித்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

கொராலி அவளைக் கன்னத்தில் முத்தமிட்டுப் போனாள். பத்ரீஸிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆர்மெல் உள்ளே வந்தபோது அவன் மேசையைச் சுத்தம் செய்து முடித்திருந்தான். கொராலி கொண்டுவந்த வைனை மூடி வைத்திருந்தான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. அவளைப் பார்க்காமல் கூடத்துச் சுவரையும் மாடிப்படியையும் பார்த்தான்.

"நீ நல்லவளாயிட்ட. சந்தோஷம். கடனுக்காக இந்த வீட்டை விலை பேசிப் பாக்க ஆள் வரும்போது எந்த அறையை மொதல்ல காட்டறது, அதையும் நீயே சொல்லிடு."