திங்கட்கிழமைக் கயிறு

இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் திங்கட்கிழமை துவைக்கும் நாள். ஒரு வீட்டுச் சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவருக்குக் கயிறு கட்டித் தெருவின் குறுக்கே துணி உலர்த்துவோம். அன்று எங்கள் தெருவுக்குள் எந்த வண்டியும் நுழையாது. அதை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்களைவிட அது ஒழுங்காக மதிக்கப்பட்டு வந்தது.

அந்த ஒழுங்கைக் கெடுத்தவர் நெசவாலை மேலாளர் ஸ்கெல்டன். நல்ல நிலக்கரியை நிறுத்திவிட்டு, சுரங்க வாயிலில் கூட்டித் தள்ளும் கரித்தூளை அவர் மலிவாக வாங்கத் தொடங்கினார். அது ஞாயிறன்று கால்வாய்ப் படகில் வந்து சேரும். திங்கள் காலை வண்டியேறும். ஆலையின் கரிக்கிடங்குக்கு எங்கள் தெருவைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் ஆலைப் புகைபோக்கி கக்கியதைப் புகை என்று சொல்வதே அதற்கு மரியாதை.

நீதிமன்றத்தில் முறையிட்டோம். ஆலை முதலாளியின் மைத்துனரே நீதிபதி. புகையால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவர் தீர்ப்பளித்தார். அதே மாதத்தில் நெசவுக்கூடத்தின் சன்னல்கள் அனைத்தும் ஆணியடித்து மூடப்பட்டன. கரி படிந்தால் ஆலைத் துணி கெட்டுவிடுமாம். உள்ளே நின்று பஞ்சுத் தூசியை விழுங்கிக்கொண்டிருந்த நெசவுப் பெண்கள் கெட்டுப்போவதைப் பற்றி எந்தத் தீர்ப்பும் கவலைப்படவில்லை.

என் எதிர்வீட்டுக் கெசியா, ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைப்பவள். அவள் கணவன் ஏமஸ் அதே ஆலையின் கொதிகலனுக்குத் தீ வளர்ப்பவன். கரித்தூள் வந்த நாள்முதல் இருமல் அவனை விடவில்லை. பாதிரியார் வீட்டு வெள்ளை உடைகளே அவளுக்குப் பெரிய வருவாய். இரண்டு வாரங்களாக அவை சாம்பல் நிறத்தில் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் முறையும் அப்படியே வந்தால் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாகப் பாதிரியாரின் மனைவி சொல்லியனுப்பியிருந்தாள்.

அந்தத் திங்களன்று முதல் கரிவண்டி தெருமுனைக்கு வந்தது. வண்டிக்காரன் ஜாபெஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான்.

"கெசியாக்கா, கயித்தக் கொஞ்சம் தூக்கிப் பிடி. குதிரை நிக்குது."

"குதிரைக்கு என்ன அவசரம்? உனக்குத்தான் அவசரம்."

"எனக்கும் இல்லக்கா. மேனேஜருக்குத்தான்."

"அப்ப அவரு வந்து தூக்கட்டும். துணி காயுறவரைக்கும் கயிறு இறங்காது."

ஜாபெஸ் அண்ணாந்து பார்த்தான். "இது எங்கக்கா காயப்போவுது? காயுறதுக்குள்ளயே கறுத்துப்போவுதே."

"கறுத்தா மறுபடி துவைப்பேன். துவைச்சா மறுபடி காயணும்ல?"

அவன் சிரித்துவிட்டு வண்டியிலேயே சாய்ந்துகொண்டான். சொன்னபடியே கெசியா, கரி படிந்த வெள்ளைகளை இறக்கித் துவைத்து மீண்டும் உலர்த்தினாள். அதைக் கண்ட மற்றப் பெண்களும் அவ்வாறே செய்தனர். நண்பகலில் வண்டிகள் கால்வாய்க்கரைவரை வரிசையாய் நின்றன. கிடங்கில் கரி தீர்ந்தது, எந்திரம் தளர்ந்து நின்றது, தறிகள் ஓய்ந்தன. நெசவுப் பெண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி.

"ஏண்டி கெசியா, ஊரான் அழுக்கோட எங்க கூலியையும் சேத்துப் பிழியுறியா?" என்று சீறினாள் தபித்தா. நெசவுக்காரியான அவளும் எங்கள் தெருக்காரிதான்.

"இங்க நின்னு ஒரு மூச்சு இழுத்துப் பாரு. உள்ள இருக்கறதவிட இங்க மோசம்னு சொல்லு, இப்பவே அவுத்துடறேன்."

தபித்தா மூச்சை இழுத்தாள். ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கத் தொடங்கினாள்.

பிறகு ஸ்கெல்டன் வந்தார். ஏமஸைக் கொதிகலன் குழியிலிருந்து அப்படியே அழைத்து வந்திருந்தார். ஒரு கத்தியை அவன் கையில் திணித்தார்.

"உன் பொண்டாட்டி கட்டுன கயிறு. நீயே அறு. இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை கெடையாது."

ஏமஸ் இருமி முடிக்கும்வரை தெரு காத்திருந்தது. அவன் கத்தியின் பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினான்.

"கொதிகலன் உங்களுது ஐயா. நீங்க குடுத்த குப்பையத்தான் போட்டு எரிச்சேன். தெரு உங்களுது இல்ல."

"அப்ப நீ போகலாம்."

"வீட்டு வாசல்லதான நிக்கிறேன். இதுக்கு மேல எங்க போறது?"

பெண்கள் சிரித்தார்கள். கெசியா மட்டும் சிரிக்கவில்லை. "உருளைக்கெழங்கு வெந்திருக்கு. போய்ச் சாப்பிடு" என்றாள் அவனிடம்.

புகைபோக்கி மெல்ல மெல்ல அடங்கியது. ஊருக்கு அப்பால் இருந்த மேட்டுநிலம் முழுதாய்த் தெரிந்தது. குழந்தைகள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். மாலை சாய்வதற்குள் பாதிரியார் வீட்டு வெள்ளைகள் உலர்ந்தன. வெள்ளையாகவே உலர்ந்தன.

ஸ்கெல்டன் மறுபடி வந்தபோது குரல் தணிந்திருந்தது. "இந்த வண்டிங்கள மட்டும் விடு. அடுத்த படகுலேருந்து நல்ல கரி வரும். வண்டி செவ்வாய்க்கெழமதான் வரும்."

"சன்னலு?"

"புகை கொறைஞ்சா ஆணியப் புடுங்கச் சொல்றேன்."

"ஏமஸோட வேலை?"

"அது முடிஞ்சுபோன கதை."

கெசியா கயிற்றின் பக்கம் திரும்பினாள். வெள்ளை உடைகளை ஒவ்வொன்றாய் எடுத்து மடித்துக் கூடையில் அடுக்கினாள். அவளுடைய பிழைப்பு காப்பாற்றப்பட்டுவிட்டது. கேட்டவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ஸ்கெல்டன் வண்டிக்காரனுக்குக் கைகாட்டினார். ஜாபெஸ் குதிரையை நடத்திவந்து கயிற்றருகே நிறுத்தினான். கெசியா அதை அவிழ்க்கவுமில்லை, தூக்கிப் பிடிக்கவுமில்லை.

"துணியத்தான் எடுத்தாச்சேக்கா. இப்பக் கயிறு எதுக்கு?"

"ஏமஸ் வேலைக்காக."

ஜாபெஸ் மேலாளரை ஒருமுறை பார்த்தான். பிறகு இறங்கிக் குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்டான். தபித்தா தன் வாசலுக்குப் போய்த் தன் துணிகளை எடுத்தாள், கயிற்றைத் தொடவில்லை. அடுத்த வீட்டுக்காரியும் அப்படியே செய்தாள். இருட்டுவதற்குள் எங்கள் தெருவில் ஒரு துணிகூட இல்லை. ஒரு கயிறும் இறங்கவில்லை.