கதவு எண் கட்டாயம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. அணுக்கழிவை எங்கே புதைக்கலாம் என்று மக்கள் கருத்துக் கேட்ட படிவம். ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்ற பதில் செல்லாது. கதவு எண்ணோடு ஒரு முகவரி எழுத வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. சகலை வீட்டு முகவரியை எழுதினேன்.

“நல்லா இருக்குங்க! அது எங்க அக்கா வீடு” என்றாள் மனைவி.

“அதுக்கென்ன, அங்கதான் இடம் நிறைய இருக்கே.”

2

கதிரியக்கம் என்பது மனிதகுலத்தின்… (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

மறுபடி: கருத்துக் கணிப்புக்காரி ஒரு தெருவில் அறுபது வீடு ஏறி இறங்கினாள். ஐம்பத்தொன்பது வீட்டுக்காரர்கள் ஐம்பத்தொன்பது முகவரி சொன்னார்கள். மாடி வீட்டுக்காரர் கீழ் வீட்டைச் சொன்னார்; கீழ் வீட்டுக்காரர் மாடியைச் சொன்னார்.* ஒருத்தி முன்னாள் கணவனின் முகவரியை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

(*மாடியில் எப்படிப் புதைப்பது என்று கேட்காதீர்கள். சொன்னதை எழுதுவதுதான் அவள் வேலை.)

3

கடைசி வீடு ஒரு தையல்காரருடையது. (இப்படி ஒரு ஆள் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். மூன்று முறை கோடு போட்டு அடித்துவிட்டேன். மூன்று முறையும் திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.)

“எங்க வீட்டையே போட்டுக்கோம்மா. எங்கயாச்சும் புதைச்சுத்தானே ஆகணும்?”

“அண்ணா, யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல பிள்ளைங்க இருக்கில்ல?”

“எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு.”

உள்ளிருந்து அவர் மனைவி, “எனக்கும் அதேதான், எழுதிக்கோம்மா” என்றாள்.

4

எண்ணிப் பார்த்தபோது கணிப்புக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற எல்லா முகவரிக்கும் ஒரு வாக்கு. தையல்காரர் வீட்டுக்கு மட்டும் இரண்டு.

“பெரும்பான்மை தெளிவா இருக்கு!” என்று மேலதிகாரி பூரித்துப் போனார். “திங்கட்கிழமை லாரி. கையெழுத்துப் போடும்மா.”

“சார், அவரு நல்ல மனுஷன் சார்.”

“அதனாலதாம்மா வேலை சுலபமா முடிஞ்சுது.”

இதை எழுதியதும் எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். லாரி வருகிறது. தெருவே ஒதுங்கி நிற்கிறது. ஒருவர் டிரைவருக்கு வீட்டை அடையாளம் காட்டுகிறார், மிகவும் பணிவாக.

முடிவு இரண்டு: கிழித்துப் போடுகிறாள். மேலதிகாரி புதுப் படிவம் நீட்டுகிறார். கதவு எண் இல்லாமல் வாங்கமாட்டார். அவள் தன் வீட்டு எண்ணை எழு…

இல்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

‘உன் முகவரியை எழுதேன்’ என்கிறீர்களா? எழுதலாம்தான். ஆனால் எழுத்தாளன் கதைக்குள் நுழையக் கூடாது என்று ஒரு மரபு உண்டு. இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே தையல்காரரின் எண்ணை அடித்துவிட்டேன். அவர் பிழைத்தார். மேலதிகாரி காத்திருக்கிறார். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

கதவு எண்: ________