செத்த வெடி

வெடி சரியாகக் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரம், நாலு காட்டுப்பன்றிகள் என் முற்றிய நெல்லுக்குள் இறங்கியதைக் கண்டு, துவக்கை வானத்தைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தேன். வழக்கமாகத் தோளில் இடிக்கும். நானாட்டான் சந்திவரை கேட்கும். அன்று 'டொப்' என்று ஒரு சின்னச் சத்தம், நனைந்த சாக்கைக் கீழே போட்ட மாதிரி. பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தோட்டா பழுதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துத் துவக்கை மடித்து, வெறுங்கோதை எடுத்தெறிந்து, மடியிலிருந்து அடுத்ததைப் போட்டேன். பன்றிகள் இன்னும் கிட்ட வரட்டும் என்று கொட்டில் வாசலில் நின்றேன்.

இரண்டுமே நான் வீட்டில் அடைத்த தோட்டாக்கள். பயிர்க்காவலுக்கென்று அரசாங்கம் தந்த ஒற்றைக்குழல் துவக்கு அது. புதுத் தோட்டா வேண்டுமென்றால் கடிதம் எடு, கச்சேரிக்குப் போ, ஐயா இல்லை, நாளைக்கு வா. அலைந்து திரிந்து கிடைப்பது கையளவு. அது பன்றிக்குத் தெரியுமா? அதனால் சுட்ட கோதுகளைச் சேர்த்துவைத்து நானே திரும்ப அடைப்பேன். சட்டப்படி சரியோ என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்: அடைக்க உட்கார்ந்தால் முடியும்வரை எழும்புவதில்லை. மூன்று வருடம் ஒரு பிழை வரவில்லை. அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து மகள் வேணுஜா பாதியில் அழைத்தாள். "அப்பா, நீங்கள் அம்மப்பா ஆகப்போறீங்கள்" என்றாள். எந்த மனிதன் எழும்பாமல் இருப்பான்? அரைமணி நேரம் முற்றத்தில் நடந்து நடந்து கதைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்து மிச்சத்தை அடைத்தேன். அதில் ஒரு கோதுக்கு வெடிமருந்து போட மறந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கொட்டிலில் வெடி கேட்டால் பக்கத்துக் கொட்டில்காரர் 'கூ' என்று நீட்டிக் கூக்காட்டுவார். சுட்டவர் திருப்பிக் கூக்காட்ட வேண்டும். ஆள் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். என் பக்கத்து வயல்காரர் பைறூஸ் நானா. அவரோடு நான் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. ஒரு வரட்சியில் என் முறைத் தண்ணீர் குறைந்தது. கமக்காரர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரைத் தண்ணீர்க் கள்ளன் என்றேன். பிறகு பார்த்தால் நண்டு வரம்பைத் துளைத்திருந்தது. பார்த்தவன் நான் மட்டும். துளையை அடைத்தேன், வாயையும் அடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் என் ஒவ்வொரு வெடிக்கும் அந்த மனிதர் கூக்காட்டினார். நான் வாயால் பதில் சொல்வதில்லை. ஒரு தகரத்தில் தடியால் தட்டுவேன். குரல் கொடுத்தால் என் மானம் போய்விடுமல்லவா!

அன்று கூக்குரல் வரவில்லை. "சுடாத! சுபாஸ், சுடாத!" என்று வந்தது. எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. என் வயலில் என் துவக்கால் சுடாதே என்று சொல்ல இவர் யார்? துவக்கைத் தூக்கிவிட்டேன். விரல் விசையில் இருந்தது. ஒரு பேச்சுக்குத் தலையைத் திருப்பினேன்.

பைறூஸ் நானா வரம்பால் வரவில்லை. வரம்பு சுற்றுவழி. தன்னுடைய முற்றிய நெல்லுக்கு நடுவால், இடுப்புச் சாரத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ஓடி வந்துகொண்டிருந்தார். வெட்ட இரண்டு நாள் இருக்கிற நெல். அதற்குள் பிள்ளை கால் வைத்தாலே நாங்கள் அடிப்போம். ஐம்பத்தெட்டு வயது மனிதர் தன் கதிரைத் தானே உழக்கிக்கொண்டு வருகிறார். அதைக் கண்டுதான் என் விரல் விசையை விட்டது. அவர் சொன்ன சொல்லுக்கு இல்லை.

வந்தவர் துவக்கை வாங்கினார். மடித்துத் தோட்டாவை உருவினார். குழலை மேற்குப் பக்கம், வெளிச்சத்துக்குப் பிடித்து என் கண்ணுக்கு நேரே காட்டினார். உள்ளே இருட்டு. பூவரசந் தடி ஒன்றை முறித்து வாய்ப்பக்கத்தால் விட்டார், பாதியில் நின்றது. தடியை அந்த அளவில் பிடித்து இழுத்தெடுத்துக் குழலுக்கு வெளியே வைத்துப் பார்த்தார். நான் எப்போதும் இடதுகையால் ஏந்துகிற இடத்தில் வந்து முடிந்தது அதன் நுனி. மருந்தில்லாத முதல் தோட்டாவின் அடைப்பும் ஈயச் சன்னமும் கேப் வெடித்த வேகத்தில் மட்டும் போய் அங்கே இறுகி நின்றன. அதன்மேல் இரண்டாவதைச் சுட்டிருந்தால் குழல் அந்த இடத்தில், என் கைக்குள், முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும்.

மூச்சு இளைக்க அவர் சொன்னார். கட்டார் நாட்டில் ஒரு சுடும் பயிற்சிக்கூடத்தில் ஒன்பது வருடம் கோது கூட்டிப் பெருக்கியவர் அவர். அங்கே ஒருவன் வீட்டில் திரும்ப அடைத்த தோட்டாக்களைக் கொண்டுவந்து கைத்துப்பாக்கியால் சுட்டானாம். தோட்டா தானாக ஏறுகிற துப்பாக்கி. ஒரு வெடி இப்படித்தான் செத்துக் கேட்டதாம். துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நின்றுவிட்டது. அதுவே நிறுத்தச் சொன்ன மாதிரித்தான். அவன் சிக்கிவிட்டது என்று கையால் இழுத்து ஏற்றிச் சுட்டான்.

"விரலையும் நான்தான் கூட்டினன்" என்றார்.

துவக்கைக் கொட்டிலில் சாத்திவிட்டு, "ரெண்டு வருசமா உங்கட வெடியத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறன். மாறினா எனக்குத் தெரியாதா?" என்றார்.

இந்த முறை வரம்பால் சுற்றிப் போனார். பன்றிகள் ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தன. தின்னட்டும் என்று விட்டேன்.

வீட்டில் மிச்சம் பதினொரு தோட்டாவையும் வாளித் தண்ணீரில் போட்டேன். என் மனைவி இந்திராதேவி முழுக்கதையும் கேட்டாள், என் இடதுகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அந்த மனுசனுக்கு ஒரு சொல் சொன்னனீங்களோ?"

இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் பின்னேரம் நெல்லரியும் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டு மெசின் அடுத்தநாள் வருகிறது. நிற்கிற நெல்லைத்தான் மெசின் வெட்டும். விழுந்து சேற்றோடு ஒட்டியதை விட்டுவிட்டுப் போகும். என் கொட்டிலிலிருந்து அவர் கொட்டில்வரை ஒரு ஒற்றையடிப் பாதை போல நெல் சரிந்து கிடந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் வயலுக்குள் கால் வைத்தேன். குனிந்து, விழுந்த தாள்களைப் பிடிபிடியாக அரிந்து, சின்னச் சின்னக் குவியலாக உப்பட்டி வைத்துக்கொண்டு போனேன். அரிய அரிய நெஞ்சு நிறைந்து வந்தது. இந்த இடதுகையால்தான் பிடிக்கிறேன். ஐந்து விரலும் இருக்கின்றன. ஆனியில் பிள்ளை பிறந்தால் தூக்குவதற்கும் இருக்கும்.

பாதி வழியில் ஒரு செருப்பு சேற்றில் புதைந்து கிடந்தது. ஒற்றைச் செருப்பு, பழைய நீலவார். அவர் ஒரு காலில் வெறுங்காலோடு வந்ததை நான் கவனித்திருக்கவேயில்லை. எடுத்து, தாளால் சேற்றை வழித்தேன்.

அப்போது அவர் கொட்டில் பக்கமிருந்து கூக்குரல் வந்தது. யாரும் சுடவில்லை. என்னைக் கண்டுதான் கூப்பிட்டிருக்கிறார்.

தகரம் என் கொட்டிலில் கிடந்தது. ஒரு கையில் கத்தி, மற்றக் கையில் அவருடைய செருப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, அரைவாசி வெட்டிய நெல்லுக்கு நடுவே நிமிர்ந்து நின்று, என்னால் முடிந்த மட்டும் உரத்துக் கூக்காட்டினேன்.