மொட்டை மாடியில் இறங்கியது

2008 சித்திரையில், கீழ்பென்னாத்தூர் சாலையோரம் வறண்டு கிடந்த ஓர் ஏரிக்குள் மூன்று பேர் வானத்தில் பறந்த ஒரு சிறு விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதிவதனி சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் பொறியாளர். காலாட்படைச் சிப்பாய் முதுகுப்பையில் எடுத்துப்போய், கையால் எறிந்து பறக்கவிட்டு, எதிர்மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேமரா வழியே பார்ப்பதற்கான குட்டி விமானம் அது. அதை இயக்கும் நிரல் அவள் எழுதியது. இறக்கைகள் அவளோடு வேலை செய்யும் மாறன் செய்தவை. மூன்றாமவர் சுபேதார் ஆதிமூலம். அடுத்த வாரம் ராணுவச் சோதனை. அதற்கு முன் ஒருமுறை பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். காஷ்மீர் மலைகளில் பல ஆண்டு ரோந்து போனவர். ஏரிக்கரைக்கு அப்பால் மேய்ந்த ஆடுகளைத் திரையில் எண்ணினார். பிறகு கரைமேல் ஏறிப் போய், எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ரேடியோ தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எறிந்த இடத்துக்கே தானாக வந்துவிடும் என்றாள் மதிவதனி. விமானம் தூரத்தில் இருக்கும்போதே, காட்டுவதற்காகக் கையிலிருந்த ரேடியோக் கருவியை அணைத்தாள்.

விமானம் திரும்பத்தான் செய்தது. ஆனால் அவர்கள் பக்கம் வரவில்லை. மேற்கே மலையை நோக்கிப் போய், புள்ளியாகி, மறைந்தது. பதறிப்போய் அவள் கருவியை மறுபடி இயக்கியபோது திரை வெறுமையாக இருந்தது.

“கிரிவலம் கெளம்பிடுச்சு போல,” என்றான் மாறன். யாரும் சிரிக்கவில்லை. முதலில் செய்த விமானம் போன மாதமே உடைந்துவிட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இது கிடைக்காவிட்டால் சோதனை இல்லை. சோதனை இல்லாவிட்டால் இந்த வேலையையே கைவிடுவதாக நிறுவனம் சொல்லியிருந்தது.

மணிலாக் கொல்லைகளில், கடலைச் செடிகளுக்கு நடுவே பார்ப்பவரையெல்லாம் விசாரித்துக்கொண்டு அலைந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. அப்போது மலைப்பக்கம் இருக்கும் வேங்கிக்கால் வீட்டிலிருந்து மதிவதனியின் அம்மா தனம் செல்போனில் கூப்பிட்டாள்.

“இன்னாடி, உன் பிளேனு நம்ம மாடியில வந்து உக்காந்துனு இருக்குது. வடாம் பூரா மண்ணு.”

“ஒடஞ்சிருக்காம்மா?”

“அதுக்கு ஒண்ணும் ஆவல. வடாம்தான் போச்சு.”

மதிவதனி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகுதான் அவளுக்கு விளங்கியது. காலையில் அம்மா, புது வண்டிக்குச் செய்வதுபோல, விமானத்தை மாடியில் வைத்துக் குங்குமம் இட்டுப் பூஜை போட்டிருந்தாள். கற்பூரம் காட்டும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், மதிவதனி பேட்டரியை இணைத்தாள். அன்றைக்கு முதலில் உயிர்பெறும் இடமே விமானத்துக்கு வீடு, தொடர்பு அறுந்தால் திரும்ப வேண்டிய இடம். நடுவில் பேட்டரி மாற்றினாலும் அது மாறாது. இயக்குவதும் எறிவதும் ஒரே இடத்தில்தான் நடக்கும் என்று நினைத்து, நிரலில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

ஆதிமூலம் அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“எங்க பசங்க கேம்ப்லயே ஆன் பண்ணி செக் பண்ணிட்டுத்தான் மேல ஏறுவாங்கம்மா. மேல போனப்புறம் தொடர்பு அறுந்தா, இது நேரா கேம்புக்குப் போயிடும். எதிராளி அண்ணாந்து பாத்தா போதும், எங்க இருக்கோம்னு தெரிஞ்சிடும்.”

அவர் குரலில் கோபம் இல்லை.

“இங்கியே தெரிஞ்சுதே. நல்லதாப் போச்சு.”

வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து அவள் நிரலைத் திருத்தினாள். இனி ஒவ்வொரு முறையும், கையை விட்டுக் கிளம்பும் இடம்தான் வீடு. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குத் திரும்பினார்கள். வேங்கிக்கால் வீட்டிலேயே இயக்கிப் பார்த்திருந்த விமானத்தை இம்முறை ஆதிமூலமே எறிந்தார். அதுவும் தான் தேர்ந்தெடுத்த இடத்தில், கரைக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்று. அவர் கையசைத்ததும் மதிவதனி தொடர்பை அறுத்தாள்.

விமானம் வளைந்து வந்து, புழுதியில் சறுக்கி, அவருடைய பூட்ஸுக்கு அருகில் நின்றது. அவர் குனிந்து எடுத்து, கேமராவில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார்.

“சோதனைக்கு எடுத்துனு வாங்க. நானும் அங்கதான் இருப்பேன்,” என்றார்.

காலையிலிருந்து அலைந்து களைத்திருந்த மாறன், ஏரி மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.